நினைவுத்தடை

அறிவியல்நகர். ஏசி பழுதான செவ்வாய்க்கிழமை.
விரல்நக அளவுக் கண்ணாடியில்
குறுக்கே பதினாறு கம்பி, நெடுக்கே பதினாறு,
வெட்டுகிற இடமெல்லாம் ஒரு புள்ளி.
தலைமயிரை ஆயிரமாய் வகிர்ந்த தடிப்பில்
தைத்தேனியம் ஒட்சைட்டு.
தன்னூடாகப் போன மின்னை
மின் நின்ற பிறகும் மறக்காத தடை.

நிதிக்கான விண்ணப்பத்தில்
தமிழ்ப்பெயர் கேட்டிருந்தார்கள்.
நினைவு, தடை, சேர்த்து எழுது என்றேன்.
மயூரிகா எழுதினாள்.
எழுதியதை இருவரும் கொஞ்சநேரம் பார்த்தோம்.
பிறகு அவள் அதை அழித்து
மெம்றிஸ்டர் என்று போட்டாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

எங்களுக்குச் சில்லு என்றால் சைக்கிள் சில்லு.
பற்றரி வராத வருசங்களில்
லுமாலாவைக் கவிழ்த்து வைத்து
பெடலைக் கையால் சுற்றினால் ரைனமோ,
ரைனமோவில் றேடியோ.
கை ஓய்ந்தால்
செய்தி பாதிச் சொல்லில் அறும்.
மேசைக்கணினியின் நினைவும் அப்படித்தான்,
யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேணும்.

அது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று
மாணவர்கள் கேட்டால்
எனக்கு ஓமந்தைதான் வாயில் வரும்.
நினைவு இந்தப் பக்கம், கணக்கு அந்தப் பக்கம்,
நடுவில் ஒரே றோட்டு.
ஒவ்வோர் இலக்கமும்
விடிய நாலு மணிக்கு வரிசைக்கு வந்து
பையைக் கொட்டிக் காட்டி
பாஸை நீட்டி
இறங்கி, நடந்து, வேறு பஸ் ஏறி,
ஒன்றோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு
அதே வழியால் திரும்ப வேணும்.
சில்லு யோசித்துச் சுடவில்லை ஐயா,
நின்று நின்று சுடுகிறது.
(ஓமந்தையா, அங்க என்ன மிஸ், என்றான் ஒருவன்.
இரண்டாயிரத்து ஐந்தில் பிறந்தவன்.)

இனி வருவதில் அந்த றோட்டு இல்லை.
நினைவு கிடக்கும் இடத்திலேயே யோசனை.
இரணைமடு வாய்க்காலில்
எந்தத் துருசு எவ்வளவு திறந்ததோ
அவ்வளவு தண்ணீர் கடைமடையில் சேரும்,
யாரும் எண்ணுவதில்லை, ஆனாலும் கூட்டல் சரி.
அப்படித்தான் கம்பி வழியே மின் கூடி இறங்கும்.

ஒட்சைட்டை நாங்களே எடுக்கப் பார்த்தோம்.
கொக்கிளாய்க் கருமணல்
மரியநேசன் மைலோப் பேணியில் கொண்டுவந்தான்.
அரைத்தோம், அமிலத்தில் இட்டோம், வடித்தோம்.
படலம் பிடிக்கவில்லை.
"இரும்பு கூட," என்றாள் மயூரிகா
உருப்பெருக்கியில் இருந்து கண்ணெடுக்காமல்.
"எங்கட கடற்கரையில இரும்பு கூட."
கடைசியில் ஜேர்மனிப் பொடிதான் வாங்கினோம்.
பேணி இன்னும் ஜன்னலில் இருக்கிறது.

அளவெடுக்கும்போது திரையில்
கோடு எட்டைப் போல் வளைந்தது.
போன வழியால் திரும்பி வராத கோடு.
வந்த வழி அதற்குத் தெரியும்,
ஆனாலும் வேறு வழியால்தான் வரும்.

ட, ப, ம.
இந்த மூன்று எழுத்தை மட்டும் பழக்குகிறோம்,
பதினாறு கட்டத்துக்குள் அடங்குகிற எழுத்துகள்.
ஏழாம் நிரை, பதினோராம் நிரலில் ஒரு புள்ளி
எழுதியது எழுதியபடி நின்றுவிட்டது.
எதிர்த்திசையில் மின் விட்டோம்,
கூட்டி விட்டோம்,
கருகும் என்ற எல்லைவரை விட்டோம்.
அது மறக்கவில்லை.

"பழுது என்று குறிக்கட்டோ?"
பேனையோடு நின்றாள்.
மற்றைய இருநூற்று ஐம்பத்தைந்தும்
அதைச் சுற்றிப் பழகட்டும் என்றேன்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
வெளியே வேப்பமரத்தடியில் பிளேன்ரீ,
வீதியால் செங்கல் ஏற்றிய லான்ட்மாஸ்டர்.
ஏழு மணிக்கு வந்தபோது
ஒன்றையும் மீளப் பழக்காமல்
ம-வைக் காட்டினோம்.

ப என்றது.
இன்னொருமுறை காட்டினோம்.
ம.