கழித்தல் நாற்பத்தொன்று

டிரொம்சோவில் டிசம்பர். நண்பகல் என்பது
தீவுக்குப் பின்னால் ஒரு நீலக் கீறல், அவ்வளவுதான்.
எனக்கென்று கிடைத்த வெயில்
போலாரிமீட்டருக்குள் எரியும் சோடியம் விளக்கு.
அதன் மஞ்சளில் விரல் நீளக் கண்ணாடிக் குழாய்,
குழாய்க்குள் என் மூன்று வருடம்.

தாளில் வரைந்திருந்தபடியேதான் கட்டினேன்.
ஒன்பது கரியணுக்கள். ஒவ்வொன்றுக்கும்
நாலு திக்கில் நாலு சொந்தம்;
இருவர் இடம் மாறி உட்கார்ந்தால்
வீடே வேறு வீடு.
ஐந்தாவது மட்டும் இடக்குப் பண்ணியது.
ஏழு மாதம் முகம் கொடுக்கவில்லை.
ஸ்வெர்ரே உலர்பனியை அளவுக்கு மேல் கொட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்விட்ட ஒரு ஞாயிறு இரவில்
தானாகத் திரும்பி அமர்ந்தது.

எண் நின்றது: கழித்தல் நாற்பத்தொன்று.
எண்பத்து மூன்றில் அச்சான கட்டுரையில்:
கூட்டல் நாற்பத்தொன்று.

அளவில் குறையில்லை.
வலம்புரி என்று ஊர் நம்பிய பொருள்
என்னிடம் இடம்புரியாக நிற்கிறது.

ஸ்வெர்ரே மீன்முட்டைப் பசையை ரொட்டியில் பிதுக்கியபடி,
"ஓசாக்காவில் அப்போதே சொன்னார்களே,
படம்தான் தப்பு. நீ செய்தது கண்ணாடிக்குள் இருப்பதை."
சொன்னார்கள்தான். ஆறு பேர் கூடி
எதிர்ப் பிம்பத்தைச் செய்து முடித்தார்கள்,
கூட்டல் வந்தது, கைதட்டல் வந்தது.
அடிக்குறிப்பில் மட்டும், எறும்பு எழுத்தில்,
அது எந்தக் கிருமியையும் கொல்லவில்லை
என்று ஒரு வரி.

என்னுடையது கொன்றது.
தட்டில் பாலேடு போல் படர்ந்த கூட்டத்தின் நடுவே
ஒரு குரோனர் நாணயம் அகலத்துக்கு
யாருமில்லை.

கடலடிப் பிராணியிலிருந்து அதை முதலில் பிரித்தவர்
வேதியியலை விட்டே நாளாயிற்று.
வார்தோவில் படகு இன்ஜின் பார்க்கிறார், தோர்கெய்ர்.
தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார்:
"கொஞ்சம் இருக்கிறது. ஃபிரீசரில்,
காட்மீன் நாக்குகளுக்கு அடியில்."

கப்பலில் வந்தார். இரண்டு கையிலும் இடக்கை உறை.
வலது உறையெல்லாம் எண்ணெயில் மக்கிவிடுகின்றனவாம்,
இடதுகள் மிஞ்சுகின்றன, தூக்கியெறிய மனமில்லை.
வலக்கையில் அது முன்பின்னாக முறுக்கிக்கொண்டு நிற்க,
பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார்.
பிறகு குப்பியைத் தந்தார். நான்கு மில்லிகிராம்.

சோடியம் மஞ்சளில் இருவரும் குனிந்தோம்.
கழித்தல் நாற்பது.
"ஒன்று குறைகிறதே."
"நாற்பது வருடத்தில் கொஞ்சம் கெட்டிருக்கும்," என்றார்,
"நானும்தான்."

பழைய நோட்டைக் கொண்டுவந்திருந்தார்.
அந்தப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தது.
அதன் குறுக்கே, மசி வருகிறதா என்று
பேனாவை உதறிப் பார்த்த ஒரு கீறல்,
நெட்டுக்குத்தாக.
தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு அது கூட்டல்.
ஒரு குச்சி.
அதை நம்பி ஓசாக்காவில் ஆறு பேர்.

நெடுநேரம் அந்தக் குச்சியையே பார்த்தார்.
அந்த மாதம்தான் மகன் பிறந்திருந்தான்,
தூக்கமே இல்லை என்றார்.
மன்னிப்பு என்ற சொல் வரும் போலிருந்தது.
வரவில்லை. வேறொன்று கேட்டார்:
"படத்தைச் சரியாகப் போட்டிருந்தேனா?"
"ஒன்பதும் சரி."
தலையை ஆட்டிக்கொண்டே
தப்பான உறைக்குள் சரியான கையை நுழைத்தார்.

ஃபியோர்டின் அடியில், வெளிச்சமே தேவைப்படாமல்,
அந்தப் பிராணி இந்நேரமும் செய்துகொண்டிருக்கும்
ஐந்தாவதையும், ஒரே மூச்சில்.

நான் ஓசாக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன்.
எண்ணுக்கு முன்னால் குறி போட
விரல் போனது, நின்றது.
'கழித்தல்' என்று
எழுத்தாலேயே எழுதினேன்.