வௌவாலுக்கு வேண்டியவை

வொலங்காங்கில் மாலை ஐந்து மணி.
ஐந்தரைக்குக் கடையை மூடிவிடுவார்கள்.
தெற்கத்திக் காற்று
யாருடைய குடையையோ நடைபாதையில் உருட்டிக்கொண்டு போனது.
என் குடை காலையிலேயே செத்துவிட்டது;
பைக்குள் மடங்கிக் கிடக்கிறது.

புதன்கிழமை பள்ளியில் மாறுவேடம்.
தேவதை விற்கிறார்கள், புலி விற்கிறார்கள்.
பழந்தின்னி வௌவாலை யாரும் விற்பதில்லை.
நறுமுகைக்கு அதுதான் வேண்டும்.

திருப்பூரில் பதினோரு வருடம்
பனியன் கம்பெனியில் கணக்கெழுதியவன் நான்.
ஒரு கிராஸ் ஊசி என்ன விலை?
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒரே ஒரு ஊசியைப் பற்றி
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அதனால் கூடையை நிரப்பினேன்:
நெளிநெளியாக வெட்டும் கத்தரி,
உருளும் கத்தி, காந்தத் தட்டு,
தக்காளி போல ஒரு குண்டூசி மெத்தை,
நாற்பத்தெட்டு நிறத்தில் நூல்பெட்டி.
நூற்று முப்பத்தேழு டாலர்.

கல்லாவில் கேலப் என்று சட்டையில் எழுதிய பையன்,
நகமெல்லாம் ஊதாச் சாயம்.
என்ன தைக்கப் போகிறீர்கள்?
வௌவால்.
அவன் சிரிக்கவில்லை. எத்தனை?
ஒன்று.
துணி?
செத்த குடையை எடுத்து மேசையில் வைத்தேன்.

விரித்துப் பார்த்தான். தடவிப் பார்த்தான்.
பிறகு என் கூடையைக் காலி செய்யத் தொடங்கினான்.

குண்டூசி வேண்டாம்,
குடைத்துணியில் விழுந்த ஓட்டை ஆறாது.
துணி காயப்போடும் கிளிப் வீட்டில் இருக்குமே?
இருந்தது. முப்பது.
சாக்பீஸ் எதற்கு, தேய்ந்துபோன சோப்பு போதும்,
கறுப்பில் நன்றாகத் தெரியும்.
வௌவாலுக்கு எத்தனை நிறம்?
பெட்டி திரும்பப் போனது, ஒரு கறுப்பு நூற்கண்டு வந்தது.
மெல்லிய ஊசி ஒரு பாக்கெட்.
அளவு நாடா.
சுமாரான விலையில் நல்ல கத்தரி; இதில் காகிதம் வெட்டாதீர்கள்.
(இப்போது அது குக்கருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.)
கடைசியாக, கவட்டை மாதிரி முனை வைத்த ஒரு பிரிப்பான்.
இதற்குத்தான் வேலை அதிகம் இருக்கும் என்றான்,
ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்காமல்.

ஊசிப் பாக்கெட்டோடு
ஒரு பெண்முகம் பொறித்த தகரத் துண்டு இருந்தது,
மயிரிழைக் கம்பி வாலோடு.
இதைக் கண்ணுக்குள் விட்டு நூலை இழுக்கணும் என்றான்.
எங்கள் ஊரில் அது காது.
சொல்லவில்லை. ஐந்து இருபத்தெட்டு.
இருபத்தாறு டாலர் நாற்பது சென்ட்.

இரவு. தமயந்திக்கு நைட் ஷிப்ட்.
கைகளை அகல விரித்துத் தூங்குகிறாள் பெண்.
எழுப்பாமல் நாடாவைப் போட்டேன்,
விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்கு.
நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.
'சிறுவர், வயது ஆறு' என்று
எத்தனை ஆயிரம் டஜன் எழுதியிருப்பேன்.
ஒன்றுக்குள்ளும் கை இருந்ததாக ஞாபகம் இல்லை.

நூல் காதுக்குள் போக மறுத்தது.
எச்சில் தொட்டேன், முறுக்கினேன், திட்டினேன்.
தகரத்துப் பெண்தான் இழுத்துக் கொடுத்தாள்.
இடது இறக்கையை உள்வெளி மாற்றித் தைத்து
பிரித்தேன்.
வலதை இடதின் மேலேயே தைத்து
பிரித்தேன்.
பையன் பொய் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டு அத்திமரத்தில்
அசல் வௌவால்கள் ஏதோ பங்குச் சண்டையில் இருந்தன.
ஒரு மணிக்கு எல்லாம் கலைந்து போயின.
நான் மட்டும் இருந்தேன், வாயில் நூலோடு.

காலையில் கண்ணாடி முன்னால்
இரண்டு தடவை இறக்கை அடித்துப் பார்த்தாள்.
கோணல் தையலைக் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
அப்பா, காது எங்கே?

மேசையில் ஊசி கிடந்தது,
காதில் இன்னும் ஒரு முழம் நூலோடு.
குடையில் ஒரு முக்கோணம் மிச்சமிருந்தது.
கிளிப் ரெண்டு எடுத்துட்டு வா என்றேன்.