நின்ற தூரம்

மூவாயிரத்து நூறுதான் ஓடியிருக்கிறது என்றேன்.
நியுர்குன் நம்பவில்லை.
எண்ணெய்க் குச்சியை உருவித் துணியில் இழுத்தான்.
துணியில் ஒரு கரிக்கோடு.
மூக்கருகே கொண்டுபோனான்.
பெட்ரோல் வாடை.
எங்கே போய்வந்தாய் இந்தக் குளிருக்கு?

எங்கும் போகவில்லை.

ஜப்பானில் பிறந்த வண்டி, வலப்பக்க ஸ்டீயரிங்.
கப்பலேறி, ரயிலேறி, லாரியின் முதுகில்
யாகுட்ஸ்க் வந்து இறங்கியபோதே அதற்கு வயது பதினாறு.
கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்து.
எனக்குப் படிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும்:
10,000.
எண்ணெய் விற்பவள் ஏழாயிரம் என்பாள்.
ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நிற்கும் கெஸ்கில்
ஐந்தைத் தாண்டினால் பாவம் என்பான்,
அவன் கடைசியாக மாற்றியது
எந்த வருடம் என்று அவனுக்கே நினைவில்லை.

நான் நோட்டுப் போட்டு எழுதுகிறவள்.
தேதிக்கு ஒரு கட்டம், மீட்டருக்கு ஒரு கட்டம்.
நின்றதற்குக் கட்டம் போடத் தோன்றவில்லை.

மைனஸ் நாற்பத்தெட்டில் அணைத்த எஞ்சின்
ஏப்ரல் வரை தூங்கிவிடும்.
அதனால் செவ்வாய், வியாழன், சனி,
தம்பி ஐசென் உள்ளே
நாலு மணி நேரம் குழாய்களோடு படுத்திருக்க,
நான் ஆஸ்பத்திரி வாசலில்
எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
மேலே போர்த்திய கனத்த மெத்தைக்குள்
அது முனகிக்கொண்டே இருந்தது.
மீட்டர் அசையவில்லை.

ரத்தத்தையும் எண்ணெயையும்
நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.
முதல் வாரமே ஐசென் பார்த்துவிட்டான்:
'எனக்கு வாரம் மூன்று தடவை. உன் கிழட்டு வண்டிக்கு?'
சிரித்தோம். அதோடு தீர்ந்தது அந்தச் சிரிப்பு.

நியுர்குன் ஃபில்டர் வந்த அட்டையைக் கிழித்துப்
பென்சிலால் கணக்குப் போட்டான்.
ஒரு மணி நின்றால் நாற்பது கிலோமீட்டர் என்று வை.
வாரம் பன்னிரண்டு மணி.
இருபது வாரம்.
ஒன்பதாயிரத்து அறுநூறு.
நிமிர்ந்து பார்த்தான்.
'மாஸ்கோவைத் தாண்டிவிட்டாய், துயாரா!
அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?'

இருக்கிறது.
வெந்நீர்க் குழாய்மேல் படுத்துறங்கும் ஒற்றைக்காது நாய்.
மருந்துச் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையுறை தேடும் கிழவர்.
செருப்போடு வெளியே ஓடிவந்து
இரண்டே இழுப்பில் சிகரெட் முடிக்கிற எக்ஸ்ரேக்காரன்.
மூன்றாம் மாடியில் நாலாவது ஜன்னல்,
அங்கே விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால்
பாதி முடிந்தது என்று அர்த்தம்.
பக்கத்து வண்டி இருப்பதே தெரியாத பனிப்புகை.
அதற்குள்ளிருந்து யாரோ இருமுகிற சத்தம்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
வழியெல்லாம் மூடுபனி என்றேன்.

அடிப்பக்கத் திருகை அவிழ்த்தான்.
கறுப்பு நூலாய் இறங்கி
வாளியில் சத்தமில்லாமல் சுருண்டது
பார்க்காத சாலை அத்தனையும்.
புதியது பால் விடாத தேநீர் நிறம்.
ஊற்றும்போது யாரும் பேசவில்லை.
இன்று மட்டும், இந்தக் கொட்டகைச் சூட்டில்,
எஞ்சின் அணைந்திருக்கிறது.
அந்த அமைதி என் காதுக்குப் பழக்கமில்லை.

கண்ணாடியில் ஒட்டும் சீட்டில்
அடுத்தது எப்போது என்று எழுத வேண்டும்.
அச்சடித்த 'கி.மீ.'யைப் பென்சிலால் அடித்தான்.
நூற்று இருபது மணி, என்று எழுதினான்.

பத்து வாரம்.
ஜூன் பிறந்தால் வாசலில் எஞ்சினை அணைத்துவிடலாம்,
அணைத்தால் வண்டிக்கு மணி ஓடாது.
நியுர்குன் அதைச் சொல்லிவிட்டு
உடனே துணியை எடுத்துக்
கையைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

காசு எண்ணிக் கொடுத்தேன்.
சில்லறை வேண்டாம் என்றேன்.
வியாழக்கிழமை, மூன்று பத்து.
மூன்றே முக்காலுக்கு அவன் இறங்கி வருவான்.
அதற்குள் பின்சீட்டைச் சூடாக்கி வைக்க வேண்டும்.