ஒன்பது நிமிடப் படகு

அந்த உலகத்தை நான் நடந்தே அளந்தவள்.
ரூனாவிக் மீன் தொழிற்சாலை மூடிக்கிடந்த
ஒரு பிப்ரவரி வாரம்,
சால்மன் இல்லை, சம்பளம் பாதி.
வடக்கே பனிவாயிலில் தொடங்கித்
தெற்கே உப்பங்கழி முடியும்வரை
ஓடாமல், குதிரை ஏறாமல்,
நான்கு மணி பத்து நிமிடம்.
நடுவில் ஒருமுறை உருளைக்கிழங்கு வேகவைக்க எழுந்தேன்.
திரும்பி வந்தபோது ஓநாய் ஒன்று
என்னைத் தின்று முடித்திருந்தது.
அந்த ஆறு நிமிடத்தைக் கணக்கில் கழித்துவிட்டேன்.

என் ஃபாரோ தீவில் இவ்வளவு தூரம் கிடையாது.
எத்திசையில் காரை விட்டாலும்
நான்கு பாட்டு முடிவதற்குள் கடல் வந்து மறிக்கும்.
தொலைந்துபோக ஒரு காடும் இல்லை.
யார் கார் யார் வாசலில் நிற்கிறதென்று
மலைமேல் மேயும் ஆட்டுக்கும் தெரியும்.

விளையாட்டில், கெல்மர் துறையிலிருந்து மறுகரைக்கு
ஒன்பது நிமிடப் படகு.
தவறவிட்டால் இன்னும் ஒன்பது.
கொல்ல எதுவும் இல்லை அங்கே, பொறுக்க எதுவும் இல்லை.
அலை, மரப்பலகை, பாய் அடித்துக்கொள்ளும் ஓசை.
அங்கேதான் பேசினார்கள்.
கோடாரி வீரன் ஒருவன் தன் விவாகரத்தைச் சொன்னான்.
இரண்டு சூனியக்காரிகள்
பல்வலிக்கு எது மருந்தென்று சண்டைபோட்டார்கள்.
ஒருவர் தினமும் அணியத்தில் நின்று
மீன் பிடிப்பதாகப் பாவனை செய்தார்,
விளையாட்டில் அப்போது தூண்டிலே கிடையாது.
படகில் மழை பிடித்தால்
என் அறையில் நான்
கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

பிறகு விரிவாக்கம் வந்தது.
உலகம் மும்மடங்கு என்று விளம்பரம்.
புதிய பாலைவனம், புதிய தீவுக்கூட்டம்,
ஊருக்கு ஊர் ஒரு நீலக் கதவு.
தொட்டால் ஒரு சின்ன மணியோசை,
மறுகரை.
முதல் வாரம் நானும் மகிழ்ந்தேன், பொய் சொல்வானேன்.
ஒரே மாலையில் பதினோரு நகரம் பார்த்தேன்.
ஒன்றின் பெயரும் நினைவில் இல்லை.

அதே குளிர்காலம் எங்களுக்கும்
கடலடியில் சுரங்கப்பாதை திறந்தார்கள்.
குடாவைச் சுற்றி ஒரு மணிநேரம் ஓட்டிய வழி
கால்மணி ஆனது.
நான்கு மணிக்கு எழுகிறவள் நான், குறைசொல்ல மாட்டேன்.
ஆனால் பழைய வழியில் ஒரு பெட்ரோல் நிலையம்,
அங்கே பார்பா
கேட்காமலே என் கோப்பையை நிரப்புவாள்.
அவளைப் பார்த்து எட்டு மாதம்.
செத்துவிடவில்லை.
வழியில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வியாழன் இரவு துறைக்குப் போனேன்.
படகு ஓடிக்கொண்டுதான் இருந்தது,
நிறுத்தச் சொல்ல யாரோ மறந்திருக்கிறார்கள்.
அணியத்தில் ஒரு குள்ள உருவம்,
தொடக்க நிலைக் கவசம், மர வாள்,
தலைக்குமேல் பெயர்: தவிட்டுமூட்டை.
“கதவு இருக்கிறதே” என்று தட்டினேன்.
பாதிக் கடல் தாண்டியும் பதில் இல்லை.
பிறகு பிழைகளோடு, துண்டு துண்டாக:
“இடக்கையில கொழந்த தூங்குது.
வலக்கை மட்டும்தான்.
படகுல ஒண்ணும் செய்ய வேண்டாம் பாருங்க.”

எங்கிருந்து என்றேன்.
சஸ்காச்சுவான். கோதுமை, தட்டை நிலம்.
சமையலறை ஜன்னலில் தெரியும் சரக்கு ரயில்
முழுக்கக் கடந்துபோகப் பத்து நிமிடமாம்.
“இந்தப் படகவிட ஒரு நிமிஷம் கூட.”

மறுகரை வந்தது. பலகை இறங்கியது.
தவிட்டுமூட்டை அசையவில்லை.
எனக்கு விடிந்தால் வேலை,
விரல் இடுக்கில் இன்னும் சால்மன் வாடை.
பலகை ஏறியது. நானும் இறங்கியிருக்கவில்லை.

“பாப்பா பேரென்ன?” என்று கேட்டேன்.
ஒற்றைக் கையால் தட்டுகிறவர்.
கெல்மர் துறைக்கு
இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.