நாள் கணக்கு

ரெண்டு ஃப்ளாட்லாக் மெஷின் வாங்க லோன் கேட்டுப் போனேன்.
மங்கலம் ரோட்டுக் கிளையில் ஏசி அதிகம்.
மேனேஜர் தம்பி திரையை என் பக்கம் திருப்பினான்.
அறுநூற்றுப் பதினொன்று.
பத்தாவதுல நான் வாங்குனதுக்கு இது மேலுங்க, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

"பழைய பர்சனல் லோன் ஒண்ணு நிக்குதுங்க்கா.
நாப்பத்தி மூணாயிரம். ரைட் ஆஃப்னு போட்டிருக்குது."

ரைட் ஆஃப் என்றால் தள்ளுபடி
என்றுதான் இத்தனை வருசம் இருந்தேன்.
தேர்தலுக்குத் தேர்தல் அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்த காது.
தள்ளினது அவர்கள் புத்தகத்திலிருந்தாம்.
என் பேரிலிருந்து இல்லையாம்.

அவினாசி வக்கீல் துளசிமணி அன்றைக்கே சொன்னாள்:
கடைசித் தவணை கட்டி மூணு வருசம் தாண்டிருச்சு,
இனி கேஸ் போட்டாலும் நிக்காதுங்க்கா.
எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்க.
'தந்துடறேன்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா
செத்த கடன் எந்திரிச்சு உக்காந்துக்கும்.
வெளியே வந்து
ரெண்டு கிளாஸ் கரும்புச்சாறு குடித்தேன்,
ஐஸ் போட்டு.

கோர்ட்டுக்குச் செத்தது
கோப்புக்குச் சாகவில்லை.
மாசத்துக்கொரு கட்டம்,
முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது,
அப்புறம் எண்ணே இல்லை,
மூன்று இங்கிலீஷ் எழுத்து.
நட்டம்னு அர்த்தமுங்க, என்றான் தம்பி,
என்னைப் பார்க்காமல்.

வாரத்துக்கொருத்தன் போன் செய்கிறான்.
பாதி கட்டினால் செட்டில்டு.
அதுவும் கறைதான்.
க்ளோஸ்டு என்று வர முழுசும் கட்டணும், வட்டியோடு,
நாற்பத்து மூன்று வளர்ந்து ஒரு லட்சத்துப் பத்து.

ஏன் கட்டவில்லை என்று எழுத
அந்தத் தாளில் கட்டமே இல்லை.
இருந்திருந்தால்:
மயிலானந்தன் கம்பெனிக்குப் பதினோராயிரம் பீஸ்,
மஞ்சள் வாத்து அச்சடித்த குழந்தைச் சட்டை,
பீசுக்குப் பதினேழு ரூவா.
திங்கக்கிழமை வாங்க என்றார்.
எத்தனையோ திங்கக்கிழமை போனேன்.
ஒரு திங்கக்கிழமை ஷட்டரில் வேறு பேர்.
அந்த மாசம் என் கையில் ஒரே பணம்,
ஒரு பக்கம் தவணை,
ஒரு பக்கம் பதினாலு பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம்.
சம்பளம் போட்டேன்.

அவர் எனக்குத் தரவேண்டியதும் காலம் தாண்டியாச்சு.
அதே வக்கீல், அதே சட்டம்,
அதே "நிக்காதுங்க்கா."
இப்போது பெருமாநல்லூர்ப் பக்கம்
சம்சாரத்தின் பேரில் புதுக் கம்பெனி,
கேட்ட லோன் கேட்ட வாரத்தில் கிடைக்கிறதாம்.
அவர் எனக்குக் கட்டாததை
எந்தத் திரை காட்டும்?

ராத்திரி அந்த டப்பாவை எடுத்தேன்.
ஒரு தீபாவளிக்கு அவரே கொடுத்த மைசூர்பாக் டப்பா.
அதில்தான் அவர் பில்லெல்லாம் இருக்கிறது,
நெய் வாசம் இன்னும் போகவில்லை.
ஒரு பில்லின் முதுகில்
மகளின் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன்.
முப்பது. அறுபது. தொண்ணூறு.
கட்டம் தீர்ந்ததும் இன்னொரு பில்.
தாமதம்: இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது நாள்.
மேலே அவர் பேர், இனிஷியலோடு, திருத்தமாக.
மதிப்பெண் போடும் இடத்தில்
பேனாவை ரொம்ப நேரம் வைத்திருந்தேன் போல,
மை ஊறிப் பொட்டாகிவிட்டது.

கீழே நைட் ஷிப்டில் மெஷின் நின்றது.
"அக்கா, நூல் தீந்துருச்சு."
டப்பாவை மூடினேன்.
நாளைக்குச் சனிக்கிழமை.