பத்து வரை

கப்பலூர் சிட்கோவில்
இருபத்தாறு வருஷம் லேத் ஓட்டியவன் நான்.
முடியிழை கனம் கூடிப்போனாலும்
அரை நாள் குனிந்து நின்று சரிசெய்திருக்கிறேன்.
இரும்பிடம் நான் அவசரப்பட்டதே இல்லை.

சலோமியிடம் பட்டேன்.

போன பங்குனி, ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்னால்
குளியலறை வாசலில் வாளியோடு சரிந்தாள்.
வலக்கை போயிற்று, பேச்சும் கூடவே.
பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்.
வீடு திரும்பியபோது அவளிடம்
ஒற்றைச் சொல்தான் மிச்சமிருந்தது:
சாவி.

தண்ணீர் வேண்டுமா, சாவி.
ஃபேனை நிறுத்தவா, சாவி.
திருப்பூரிலிருந்து மகள் பேசினால்
போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
அழுதபடி சாவி, சாவி.
பீரோ சாவி, கேட்டுச் சாவி,
என்றோ விற்ற சைக்கிளின் துருப்பிடித்த சாவி வரை
முன்னால் பரப்பிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றாய் இடக்கையால் தள்ளினாள்,
இதுகூடத் தெரியாதா உனக்கு என்பதுபோல.

சபையிலிருந்து வந்தார்கள்.
ஹார்லிக்ஸும் ஜெபமும் கொண்டுவந்தார்கள்.
ஆண்டவர் உங்களைப் புடம்போடுகிறார் என்றார்
கமிட்டிச் செயலர் தனசிங்.
தீயில் போட்ட இரும்பெல்லாம் எஃகாவதில்லை,
சிலது வெடித்துப்போகும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
காபி கொடுத்தேன்.

ஆடியில் ஒரு ராத்திரி. கரண்ட் இல்லை, கொசு.
ஏழாவது தடவையாகச் சாவி என்றாள்.
வாயை மூடு என்று கத்திவிட்டேன்,
முப்பத்தொரு வருஷத்தில் சொல்லாததை.
மூடிக்கொண்டாள்.
மூன்று நாள் அந்தச் சொல்லும் இல்லை.
வீட்டில் மிஞ்சிய ஒரே சாவியையும்
நானே கிணற்றில் போட்டிருந்தேன்.

செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சி.
சொல்லித்தரும் பெண் பர்வீனுக்கு
என் மகள் வயசுகூட இருக்காது.
அவள் அதட்டியது சலோமியை அல்ல, என்னை.
"சார், நீங்க முடிச்சு வைக்காதீங்க.
அவங்க ஆரம்பிச்சா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.
உதட்டைக்கூட அசைக்காதீங்க."

பத்து எவ்வளவு நீளம் தெரியுமா?
நாலில் கை பரபரக்கும்.
ஆறில் சொல் என் நாக்குக்கு வந்துவிடும்,
தண்ணி, தலகாணி, கக்கூஸ், ஏதோ ஒன்று,
சொல்லிவிட்டால் தீர்ந்தது.
எட்டில் அவள் கண் என்னைத் தேடும்.
முதல் மாதம் நான் ஐந்தைத் தாண்டியதில்லை.
முந்தாநாள்கூட
ரேஷன் கடை மூடிவிடுமே என்று
மூன்றிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ராத்திரி அவளைப் புரட்டிப் படுக்கவைத்து
முதுகுக்குப் பவுடர் போட்டபின்
முழங்காலில் நிற்பேன்.
ஆண்டவரே என்பேன்.
அதற்குமேல் வராது.
எனக்கும் மிச்சம் ஒரே சொல்தான்.
அங்கிருந்து பதில் இல்லாததை
அடைத்த கதவென்று நினைத்திருந்தேன்.
இப்போது ஒரு சந்தேகம்.
அந்தப் பக்கம் யாரோ
என் வாக்கியத்தை முடித்துவைக்காமல்
உதட்டை அசைக்காமல்
எண்ணிக்கொண்டிருக்கிறாரோ.

இன்று காலை
பசுமலைச் சரிவில் நாகர்கோவில் ரயிலின் சத்தம் தேய்ந்தது.
அவளுக்கு இரண்டு இட்லி ஊட்டிவிட்டுக்
கை கழுவி வந்தேன்.
என் தட்டு அடுப்படியில் கவிழ்ந்தபடி கிடந்தது.
அதைப் பார்த்தாள். பிறகு என்னை.
சா, என்றாள்.
வழக்கம்போல் ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுக்கப்போனேன்.
இல்லையென்று தலையாட்டினாள்.
சா... ப்...
உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.
கழுத்து நரம்பு புடைத்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது.
முழுச் சொல்லும் என் நாக்கு நுனியில் நிற்கிறது.
சொல்லமாட்டேன்.

ஏழு.
குழாய் சொட்டுகிறது.
எட்டு. ஒன்பது.
பத்து.
பதினொன்று.