ஐந்தில் எத்தனை

மாசி இரவில் முரசுமோட்டை வயலுக்குள்
இரண்டு நிலவு ஊர்ந்து வரும்.
எங்கட அறுவடை மெசினின் முன்விளக்கு.
எங்கட என்றால்
பரந்தன் லீசிங் கொம்பனிக்கும் எங்களுக்கும்.

மதுரகன் வங்கியில் காசாளராய் இருந்தவர்.
ஏழு வருடம்
பிறர் காசை எண்ணியெண்ணிப்
பெருவிரல் ரேகை தேய்ந்து,
வரவு பதிகிற மெசின் ஒருநாள்
ஆளைத் தெரியாது என்றுவிட்டது.
அன்றைக்கே கடிதம் எழுதினார்.
"உனக்கென்ன விசரே" என்று
நோர்வேயிலிருந்து அண்ணன்.
மாமி ஒரு கிழமை கதைக்கவில்லை.
நான்
பிரதேச செயலகக் கதிரையில் இருந்தபடி
தவணைகளைக் கூட்டிப் பார்த்தேன்.

என்னுடையது பென்சன் உள்ள வேலை.
காலை எட்டரைக்கு வைக்கும் விரலை
மாலை நாலேகாலுக்கு எடுக்கலாம்.
இடையில் கிடக்கிற நேரத்துக்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு படிவம்.
உமது தொழிலில் எவ்வளவு மகிழ்ச்சி?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
நாலுக்கு வட்டமிட்டேன்.
அடுத்த மேசைச் சுகிர்தா எட்டிப் பார்த்து
அவளும் நாலு.

அன்றிரவு சோறு கட்டிக்கொண்டு
வரம்பால் போனேன்.
மெசின் நின்றது.
காதுக்குள் உமி, இமையில் உமி,
பல் மட்டும் தெரிகிற ஆள்.
ஐந்தில் எத்தனை, கேட்டேன்.
ஐந்து என்பார் என்றிருந்தேன்.
அந்த ஐந்துக்கு
என் சம்பளத்தில் மாதாமாதம் கட்டுகிறேன்.

சொதியில் சோற்றைக் குழைத்தபடி யோசித்தார்.
"மூண்டு.
முதல் ரெண்டு மணித்தியாலம்
ஆறு எண்டாலும் போடலாம்.
பிறகு நாரி.
சேத்துக்க புதைஞ்சா ஒண்டு.
வெட்டுக்கூலிக்கு நாளைக்கு வா எண்டா சைபர்."

"பாங்கில?"

"அங்கையும் மூண்டுதான்."

"அப்ப என்னத்துக்கு விட்டனீங்கள்?"

"அங்க விடியவும் மூண்டு,
பொழுதுபடவும் மூண்டு."

வாய் கொப்பளித்துவிட்டு ஏறிப் போனார்.
நான் வரம்பிலேயே இருந்தேன்,
பனியில் காற்சட்டம் நனைய,
என்னுடைய நாலு
எந்த நாளினுடையது என்று தேடிக்கொண்டு.

நாலு ஒன்றும் அகப்படவில்லை.
ஒரேயொரு ஆறு கிடந்தது.
வெள்ளத்தில் ஊர் மிதந்த மார்கழியில்
கண்டாவளைப் பள்ளிக்கூடத்தில்
முழங்கால் தண்ணீருக்குள் நின்று
இருநூறு பேருக்கு அரிசி அளந்தேனே,
விடியும்வரை, குரல் கட்டிப்போய்,
அந்த இரவு.

அதற்கான மேலதிக நேரக் கொடுப்பனவு
இன்னும் வரவில்லை.